நீயும்தான் அந்தச் சுவரை அடித்தாய், அக்கா

அன்புள்ள அக்கா,

பெயிண்ட் அடித்து வீடு நன்றாக வந்திருக்கிறதே என்று நேற்று சித்தி கேட்டபோது, "எல்லாம் இவங்க பண்ணதுதான், நான் சும்மா அடுப்படியில உட்கார்ந்திருந்தேன்" என்றாய். அது எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் முன்னறையை நாமே அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதிச் சுவரில் சாப்பிடப் போனோம். வயிறு முட்டச் சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்து, திரும்ப ரோலரை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் விட்ட இடம் காய்ந்துபோய், அதன்மேல் புதுப் பெயிண்ட் ஏறியதும் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை விழுந்தது. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது இன்றைக்கும் தெரிகிறது. ஒரு சுவரைத் தொட்டால், ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த வரிசை அதன்மேல் ஏறிவிட வேண்டும். நிறுத்துவதானால் மூலையில் நிறுத்தலாம், நடுவில் கூடாது.

இந்த முறை கூடத்தின் பெரிய சுவர். "நடுவுல யாரும் சாப்பிடப் போகக் கூடாது. அதுக்காக யாரும் பசியோட நிக்கவும் கூடாது" என்றாய். முதல் நாள் ராத்திரியே பழ பார் செய்ய உட்கார்ந்துவிட்டாய்.

பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கால் கிலோ பேரீச்சையைக் கொட்டை நீக்கி வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டாய். முதல் தடவை பொறுமையில்லாமல் நான் சீக்கிரம் எடுத்துவிட்டேன். விழுது திப்பிதிப்பியாக வந்தது, துண்டு போட்டால் உதிர்ந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஊறவைத்து, கரண்டியில் ஒட்டி இழுக்கும் பதத்துக்கு அரைத்தாய். பேரீச்சையின் சர்க்கரைதான் பசை. அது சரியாக அரைபட்டால் தேனும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். வறுத்த ஓட்ஸ், பாதாம், நறுக்கிய உலர்ந்த ஆப்ரிகாட், ஒரு சிட்டிகை உப்பு, தித்திப்பு திகட்டாமல் இருக்க எலுமிச்சைச் சாறு. தட்டில் பரப்பி, கிண்ணத்தின் அடியால் நீ அழுத்திய அழுத்தத்தில் மேஜையே ஆடியது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது. காலையில் கத்தி வைத்தபோது ஒரு பருக்கை சிந்தவில்லை. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றினாய். எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று அப்போது நினைத்தேன்.

காலையில் பழைய பெயிண்டைத் தேய்க்கும் வேலை. பிள்ளைகளை நீதான் மாடிக்கு அனுப்பினாய். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி கையில் ஒட்டி வாய்க்குள் போகும் என்று எங்களையும் சும்மா விடவில்லை. இந்த அளவு ஈயம் ஒன்றும் செய்யாது என்று சொல்லும்படி ஒரு அளவே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவி வாசலுக்கு வந்தால்தான் பழ பார் கிடைக்கும் என்றாய். அப்பாவுக்கே விதிவிலக்கு கிடையாது!

ஒன்று உனக்குக் காட்ட நினைத்து மறந்துவிட்டேன். ஆணி அடித்திருந்த ஓட்டையைச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, ஈரத்தில் வளையம் வளையமாகப் பழைய நிறங்கள் எழுந்து வந்தன. சந்தன நிறம், அதற்குள் இளம்பச்சை, நடுவில் காசளவு நீலம். "அது அக்கா பொறந்த வருஷம் அடிச்சது" என்றார் அப்பா. பட்டி பூசும்போது அந்த இடத்தைக் கடைசியாகத்தான் மூடினார்.

பட்டி, ப்ரைமர் எல்லாம் காய்ந்து, மறுநாள் மத்தியானம் முதல் கோட். நான் ஓரம் வெட்டிக்கொண்டே (ரோலர் எட்டாத ஓரங்களைப் பிரஷ்ஷால் அடிப்பதுதான்) போக, அப்பா பின்னாலேயே ரோலர் ஓட்டினார். முக்கால் சுவர் வந்தபோது அவர் கை நடுங்க ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. நீ கவனித்தாய். முட்டிவலியோடு எழுந்து வந்து, வாழைப்பழம் உரிப்பதுபோல் பேப்பரைப் பாதி உரித்து அவர் வாயருகே நீட்டினாய். ரோலரைக் கீழே வைக்காமல் கடித்தார். நாலு கடி. பெயிண்ட் அப்பிய விரல் எதுவும் பாரில் படவில்லை. சுவர் மூலைவரை ஒரே மூச்சில் போய் முடிந்தது. நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட்டும் அப்படியேதான்.

நேற்றுச் சாயங்காலம் விளக்கைப் போடாமல் அந்தச் சுவரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். ஒரு பட்டை இல்லை. சித்தி வரும்போது அங்கே நிறுத்திக் காட்டு, யார் அடித்தது என்று நான் சொல்கிறேன்.

அடுத்தது உன் அறை. உனக்கு நாற்காலி போட்டுத் தருகிறேன், கீழ்ப்பாதி ஓரமெல்லாம் நீ வெட்டு. பேரீச்சையை இந்த முறை நானே ஊறவைக்கிறேன், பத்து நிமிஷம் முழுசாக. எலுமிச்சை அரை மூடியா, ஒரு மூடியா என்று மட்டும் சொல்லிவிடு.

உன் தம்பி