மூங்கில் குழாய்க்குள் ஒரு தகப்பன்

தண்டையார்பேட்டை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடியும் தாமிரபரணிக் கரையில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருவொற்றியூரில் வேலை கிடைத்திருக்கிறது, மெட்ரோவில் போய் வருகிறாள்.

களக்காடு முண்டந்துறைக் காட்டில், காக்காச்சிப் பக்கம் ஏதோ தவளை ஆராய்ச்சி நடந்ததாமே என்று கேட்டிருந்தாய். தேடிப் படித்தேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

அந்தத் தவளைக்கு ராவோர்கெஸ்டிஸ் சலாசோடிஸ் என்று பெயர். 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து எழுதினார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அது தொலைந்ததாகவே நினைத்திருந்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்து எஸ்.டி. பிஜு முன்னின்று நடத்திய தேடலில் திரும்பக் கிடைத்ததாக 2011-இல் அறிவித்தார்கள். பச்சை உடம்பு, கறுத்த கண்மணியில் பொன் திட்டுகள். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும்.

அது குடித்தனம் நடத்துகிற இடத்தைக் கேள். உங்கள் மலையில் ஓடையோரம் அடர்ந்து வளருமே ஈத்தை மூங்கில், அதன் இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள வெற்றிடம். எலியோ பூச்சியோ போட்ட சிறு கீறல் வழியே ஆண் உள்ளே நுழைந்து, அங்கிருந்தே கூப்பிடும். பெண் வந்து சில முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். காவல் தகப்பனுக்கு. குட்டையும் இல்லை, தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும். கொருக்குப்பேட்டையில் மழைக்குட்டையில் நாம் தலைப்பிரட்டை பிடித்த காலம் நினைவிருக்கும் உனக்கு. இப்படியும் ஒரு தவளை உண்டென்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

இதை வெளிக்கொண்டுவந்த ஆராய்ச்சியாளர்களில் கே.எஸ். சேஷாத்ரி முக்கியமானவர். தகப்பனை அப்புறப்படுத்தினால் என்ன ஆகிறது என்றும் அவர் பார்த்தார். 2018-இல் அது வெளியானது. காவல் போன குழாய்களில் முட்டைகள் ஏராளமாக அழிந்தன. அதே இனத்தின் வேறு ஆண்களே வந்து தின்றுவிடுகின்றன. இதைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

புலிக்காக ஒதுக்கிய காடு என்பதால் அங்கே ஈத்தைக்கும் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க அப்படியில்லை. கேரளத்தில் காகித ஆலைக்கும், பாய் கூடை முடையவும் ஈத்தை வெட்டுவது வெகுகாலப் பழக்கம். முடைகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் சோறு. ஆனால் மழைக்காலத்தில், முட்டை இருக்கும் நேரத்தில் ஒரு தண்டு சாய்ந்தால் குடும்பமே போச்சு. மழை ஓய்ந்தபின் வெட்டலாம், கீறல் விழுந்த தண்டுகளை விட்டுவிடலாம். தவளையும் பிழைக்கும், முடைகிறவரும் பிழைப்பார். தடை போட்டுவிட்டு மறந்துவிடுவதை விட இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் என்பதால்தான் எனக்கு இத்தனை பதற்றம். அங்கே வெறும் சேறுதானே என்று நினைத்தவர்கள் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது. இறால் பிடித்தவர்கள் கையெல்லாம் கறுப்பு. அந்தச் சேற்றில் எத்தனை உயிர் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது என்று முன்கூட்டி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஈத்தைக் காடும் பார்க்கிறவனுக்கு வெறும் புதராகத்தானே தெரியும்.

அதனால் ஒரு வேலை உனக்கு. அம்பாசமுத்திரம் சந்தையில் கூடை விற்கிறவர்களிடம் பேச்சுக்கொடுத்து, மூங்கில் எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் வெட்டுகிறார்கள் என்று விசாரி. மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரில் உனக்குத் தெரிந்தவர் யாரையாவது பார்த்தால், குழாய்க்குள்ளிருந்து வரும் அந்தக் கூப்பாட்டுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் கேள். எல்லாவற்றையும் எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தேவராஜ்