எதிர்வீட்டு ஆயாவுக்கும் தறித்தெருவுக்கும் ஒரு நன்றி மடல்

ஏகாம்பரகுப்பம் தறித்தெரு அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஆயாவுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். கொஞ்சம் சத்தமாக, காது மந்தம்.

பையன் பிறந்து 3 வாரமாகியும் தொப்புள்கொடி விழவில்லை. காட்டிய இடத்தில் பொடி கொடுத்து அனுப்பினார்கள். தினமும் வந்து துணியை விலக்கிப் பார்த்தது ஆயாதான். "சுத்தி இப்படிச் செவந்து கெடக்கு, ஒரு சொட்டுச் சீழ் இல்லையேடி, இது நல்லதில்ல" என்றார். சீழ் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். ஆயா விடவில்லை. ரத்தம் பார்த்ததில் வெள்ளையணு 62,000, ரொம்ப அதிகம். புற்றுநோயோ என்ற பயத்தோடுதான் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, வேலூர் போனோம்.

அங்கே சிடி18 பரிசோதனை செய்தார்கள். வெள்ளையணுவின் மேல்தோலில் இருக்க வேண்டிய புரதம் அது. ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்க, அணுவுக்கு அதுதான் கை. இவனுக்கு அது இல்லை. அணுக்கள் ரத்தத்திலேயே சுற்றின, புண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே போய் மடிகிற அணுக்கள்தானே சீழ்! "பஸ் நிறைய ஓடுது, நம்ம ஸ்டாப்பிங்ல ஒண்ணும் நிக்கல" என்றார் என் வீட்டுக்காரர். பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம்.

"சொந்தத்தில் கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டார். நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. 21ஆம் குரோமோசோமில் ஒரே பழுது எங்கள் இருவரிடமும் இருந்திருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்குப் போனால் நோய். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவள் தப்பித்தாள். வெள்ளையணு பிறப்பது எலும்பு மஜ்ஜையில், அதை மாற்றுவதுதான் வழி என்றார்கள்; அவள் மஜ்ஜைதான் தம்பிக்குப் பொருந்தியது. 7 வயசு, ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள். அன்றைக்கு ஒளியவில்லை.

மஜ்ஜை மாற்றுவதற்கு முன்னால் ரத்த சொந்தம் யாரும் ரத்தம் தரக்கூடாது என்றுவிட்டார்கள். எங்களுக்குத் தெருவில் பாதி சொந்தம், என்ன செய்ய? மீதிப் பாதி வந்தது. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, எடுத்து வைத்தால் 5 நாளுக்கு மேல் தாங்காது என்பதால் முறை வைத்துக்கொண்டு வந்தீர்கள். தறி நின்றால் அன்றைய கூலி போச்சு, தெரியாதா எனக்கு? நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் படுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப ரயில் பிடித்து ராத்திரி ஷிப்டுக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். தெலுங்குக்கார அண்ணன் ஒருவர் நாலு தடவை வந்தார்; சாப்பிட்டுப் போங்கள் என்றால் கேட்கவே மாட்டார். பெயர் போட்டால் கோபிப்பீர்கள், போடவில்லை.

இப்போது அவனுக்கு இரண்டு வயசு முடிந்தது. போன வைகாசியில் நெற்றியில் ஒரு வேனற்கட்டி. பழுத்து, மஞ்சளாக, நன்றாகச் சீழ் பிடித்திருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியது எதிர்வீட்டுக்குத்தான். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, சீழுக்கா இப்படிச் சிரிக்கிற?" என்றார். அப்புறம் அவரும் சிரித்தார்.