மாடியில் எடுத்த படம்

அன்புள்ள பாப்பா,

நீ கேட்ட பழைய போட்டோக்களை அப்பா ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறார். சட்டம் போட்டு மாட்டியிருந்ததில் இரண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பிய்க்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் கல்யாண ஆல்பத்தையும் ஈரம் படாத இடத்தில் வை. கிழிந்தால் டேப் ஒட்டாதே.

தாத்தா பாரிமுனையில் எடுத்த டிராம் படம் கிடைத்தது. 1953-ல் டிராம் நின்றபோது எடுத்தது, பின்னால் பென்சிலில் ‘கடைசி’ என்று எழுதியிருக்கிறார். தாத்தா எதைத்தான் கடைசி என்று எழுதவில்லை! கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தைப் படங்களும் இருக்கின்றன, 1996-ல் கடைகள் கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன் அப்பா எடுத்தவை. எல்லாவற்றிலும் நடுவில் நீ, மூக்கைப் பொத்திக்கொண்டு. அந்தப் பெண்தான் இன்று இருபது பேரை வேலை வாங்குகிறாள் என்றால் நம்ம தெருவில் யார் நம்புவார்கள்?

நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். நீயும் குழந்தையும் அழகு. மாப்பிள்ளைதான் எடுத்திருப்பார் என்கிறார் அப்பா. சரி. ஆனால் ஓரத்தில் உன் கை நீண்டிருப்பது தெரிகிறதே. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? போன தடவையும் கேட்டேன், நீ குழந்தையின் பல்லைப் பற்றிச் சொன்னாய். வாரம் ஒருமுறை பேசினால் என்ன குறைந்துவிடும்?

எதிர் வீட்டை இடித்துவிட்டார்கள். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை, லேசில் விழவில்லை. தேக்கு உத்தரங்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஐந்து மாடி வருகிறது. இனி நம் மாடியிலிருந்து ஹைகோர்ட் கோபுரம் தெரியாது.

மாடியில் நானும் சித்தியும் நிற்கும் படத்தில் கோபுரம் பாதிதானே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டாயே. மழையில் போய்விட்டது என்று சொன்னேன். மழையில் போகவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, அவர்கள் ஆல்பத்தைப் புரட்டி ‘இது யார், இப்போது எங்கே’ என்று கேட்பார்களே என்று நானே கத்தரித்தேன். சித்தி நின்ற பக்கம் கோபுரமும் போயிற்று. 1977-ல் கலங்கரை விளக்கு மெரினாவுக்குப் போகும்வரை அந்த உச்சியில்தான் விளக்கு. ராத்திரியில் அந்த வெளிச்சம் எத்தனை தடவை வருகிறது என்று அவளும் நானும் எண்ணிக்கொண்டே தூங்கிப்போவோம்.

ஒரு பெட்டியோடு அவள் இந்த வாசலில் வந்து நின்றாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாலாம் நாளே பாரிமுனையில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். தாத்தா அல்ல, நான். அவள் என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் அவள் இந்த வாசப்படி மிதிக்கவில்லை.

வெட்டிய துண்டை எறியவில்லை, பட்டுப்புடவைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இன்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஓரம் சுருண்டிருக்கிறது, கோபுரம் ஒட்டவில்லை. அப்படியே ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மழைக்கு முன் அடிப்பது வழக்கம்தானே என்பார் அப்பா. நம்பாதே. குழந்தைக்கு ஒரு கொசுவலையும் வாங்கி வைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டால் நேரத்தை மட்டும் சொல், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

ஆல்பம் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

அம்மா