கால் அளவு கேட்க மாட்டார்களா?

ஆசிரியருக்கு,

52 வயதில் ஆசைப்பட்டுப் புதுச்சேரியில் ஸ்கூபா (காற்று உருளையுடன் கடலுக்கடியில் நீந்துவது) பழகப் போனேன். என் கால் அளவு 7. '9 தான் இருக்கிறது, அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்று காலில் மாட்டி நீந்தும் துடுப்பை நீட்டினார்கள். கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கியே நீந்தியதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. குதிகாலில் தோல் உரிந்தது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா!

வெறுங்காலில் மாட்டும் துடுப்பில் விரல் நெரியக் கூடாது, குதிகால் வழுகக் கூடாது. பின்னால் வார் வைத்த துடுப்பு என்றால், நியோப்ரீன் என்னும் ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். விறைத்த துடுப்புத் தகடு புதியவர் காலுக்கு ஆகாது. உறுதிமொழிப் படிவத்தில் இரத்த அழுத்தம் வரை கேட்கிறவர்கள், கால் அளவையும் ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

– மீனவர் மகன் ஒருவன், வீராம்பட்டினம்