இ-பாஸ் வண்டியை எண்ணட்டும், ஆளைப் பின்தொடர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் கட்டாயமானது 2024 மே 7ஆம் தேதி. இந்த மலைகள் ஒரு நாளைக்கு எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை காணவே சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கொண்டுவரச் சொன்னது. 2025 கோடை சீசனுக்கு உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மே மாதத்தில் பர்லியாறு முதல் குன்னூர் வரை வண்டிகள் முட்டி நிற்பதைப் பார்த்த யாரும் இந்த நோக்கத்தில் குறை காண மாட்டார்கள்.

எண்ணுவதற்கு என்ன வேண்டும்? வண்டியின் வகை, உள்ளே இருப்போர் எண்ணிக்கை, ஏறிய நேரம், இறங்கும் தேதி. அவ்வளவுதான். விண்ணப்பமோ பெயர், செல்போன் எண், வண்டி எண், தங்கும் இடம் வரை வாங்கிக்கொள்கிறது. பாஸ் கொடுக்கும்போதும் சாவடியில் சரிபார்க்கும்போதும் இவற்றில் சில தேவைப்படலாம். வண்டி மலையிறங்கிய பிறகு ஆய்வுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அழிக்காமல் விட்டால், அதே விவரங்களோடு செல்போன் கோபுரப் பதிவையும், சாவடிக் கேமரா படத்தையும், லாட்ஜ் பதிவேட்டையும் சேர்த்து, யார் யாரோடு எங்கே தங்கினார்கள் என்று தேட முடியும்.

பாதுகாப்பு இந்த மாவட்டத்தில் வெற்றுச் சொல் இல்லை. வெலிங்டனில் ராணுவக் கல்லூரி இருக்கிறது, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது, கூடலூரைத் தாண்டினால் இரண்டு மாநில எல்லைகள். ஒரு குற்ற வழக்கில் குறிப்பிட்ட வண்டி குறிப்பிட்ட நாளில் கல்லாறு வழியாக ஏறியதா என்று காவல் துறை எழுத்துமூலம் கேட்டால் பதில் தர வேண்டியதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. வழக்கும் இல்லாமல், சந்தேக நபரும் இல்லாமல், எல்லோருடைய பயணத்தையும் கணினியில் கொட்டி 'விநோதமான போக்கு' தேடுவது வேறு வேலை. அது தனியுரிமையைக் கெடுப்பது ஒருபுறம் இருக்கட்டும், பாதுகாப்புக்கே உதவாது.

கணக்கைப் பாருங்கள். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (விற்பவர்கள் இதைவிட அதிகமாகவே சொல்வார்கள்). சனிக்கிழமை 8,000 வண்டிகள் ஏறுகின்றன, அதில் ஒன்றே ஒன்று உண்மையிலேயே பிடிக்க வேண்டிய வண்டி. மென்பொருள் அதையும் காட்டும், ஒரு தவறும் செய்யாத 80 வண்டிகளையும் காட்டும். இரண்டு வார இறுதி இப்படிப் போனால் சாவடிக் காவலர் எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். வங்கிக் கார்டு மோசடியை இதே முறையில் பிடிக்க முடிகிறதே என்று கேட்கலாம். அங்கே கணினிக்குக் கற்றுத்தர மோசடிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, தவறாகப் பிடித்தால் ஒரு போன் அழைப்போடு முடிகிறது. பயங்கரவாதச் செயல் அரிது. அதற்கு 'வழக்கமான போக்கு' என்று கற்றுத்தர எதுவும் கையில் இல்லை.

உள்ளே போகும் தகவலும் சுத்தமானது இல்லை. ஓடிபி வராத முதியவருக்கு லாட்ஜ் வரவேற்பாளர் தன் எண்ணைப் போட்டு பாஸ் எடுத்துத் தருவார். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ பிரவுசிங் சென்டர்காரர் செய்வதும் அதுவே. தொடர்புகளைத் தேடும் மென்பொருள் கண்ணுக்கு அந்த எண் நூறு வண்டிகளை இணைக்கும் பெரும்புள்ளி! வாரத்துக்கு நாலு முறை ஏறி இறங்கும் டாக்ஸி ஓட்டுநரும் அதன் பார்வையில் சந்தேகத்துக்குரியவர்தான். கேமராவின் பாடு இன்னும் மோசம். மஞ்சு மூடிய இரவில் அகச்சிவப்பு விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கேமராவுக்கே திரும்பி வருவதால் நம்பர் பிளேட் வெளிறிப்போகும். 8ஐ பி என்றும், பூஜ்யத்தை டி என்றும் கணினி படிக்கும். அப்படித் தவறாகப் படித்த எண்ணுக்கும் எங்கோ ஓர் உரிமையாளர் இருப்பார்.

'பெயரை நீக்கி, எண்ணை ஹேஷ் செய்துவிட்டோம், இனி யாரையும் அடையாளம் காண முடியாது' என்ற பதில் வரலாம். ஹேஷ் என்பது ஓர் எண்ணைக் கணித முறையில் வேறொரு குறியீடாக மாற்றுவது; குறியீட்டிலிருந்து நேராக மூல எண்ணுக்குத் திரும்ப வழியில்லை. ஆனாலும் அந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். டிஎன் 43 போன்ற ஒரு வண்டிப் பதிவு வரிசையில் இரண்டு எழுத்துகளுக்குக் கூடிப்போனால் 676 சேர்க்கைகள், ஒவ்வொன்றிலும் 9,999 எண்கள். மொத்தம் 67.6 லட்சம். இத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டு மூல எண்ணைக் கண்டுபிடிக்கச் சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடிகள் போதும். 6 முதல் 9 வரை தொடங்கும் செல்போன் எண்கள் 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவும் சில நிமிட வேலை. ரகசியச் சாவி சேர்த்த ஹேஷ் வேண்டும், சாவியை மாதம் ஒருமுறை மாற்றி, பழையதை அழிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே வண்டி அந்த மாதத்தில் எத்தனை முறை வந்தது என்ற கணக்கும் கிடைக்கும், ஆளும் மறைவார். வெளியிடும் புள்ளிவிவரத்தில் 10க்குக் குறைந்த எண்ணிக்கை வரும் கட்டங்களைக் காலியாக விட வேண்டும். நாலைந்து வீடுகள் உள்ள மந்துக்கோ (தோடர் குடியிருப்பு) ஹட்டிக்கோ (படகர் ஊர்) 'ஒரு வெளிமாநில கார், மூன்று நாள்' என்று அச்சிட்டால் பெயரை அச்சிட்டதற்குச் சமம்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதுதான் மையக் கேள்வி. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்புப் பதிவுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதித்த விதியை நீக்கி, 6 மாதமே எல்லை என்றது. இ-பாஸுக்கு இறங்கும் தேதியிலிருந்து 30 நாள் தாராளம். நிலச்சரிவு நேரத்தில் மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்றால், கட்டாயம் தெரிய வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் மீட்புப் பணிக்கு வேண்டியது இன்று மலையில் இருப்பவர்களின் பட்டியல், போன வருடம் வந்தவர்களுடையது இல்லை. வைத்திருக்கும் தகவல் கசியவும் செய்யும். 2024 மே மாதம் தமிழகக் காவல் துறையின் முக அடையாள மென்பொருளுக்குள், கசிந்த ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு வெளியாள் நுழைந்த செய்தி வந்ததே.

சட்டம் நம்மைக் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் உத்தரவு வேண்டும், 60 நாள் எல்லை உண்டு, நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழுவும் பார்க்கும். சேர்த்துவைத்த பயண அட்டவணையைத் திறந்து பார்க்க இப்படி எந்தக் குழுவும் இல்லை. குறைந்தபட்சம், யார் எப்போது எந்த வழக்கு எண்ணுக்காகப் பார்த்தார் என்ற பதிவாவது, பார்த்தவரே அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது என்ன நிலை என்பதை வாசகர்களே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நீலகிரிக்கு ஊட்டி ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், கொடைக்கானலுக்குத் திண்டுக்கல் அலுவலகத்துக்கும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்புங்கள். தகவல் வேறு துறையிடம் இருந்தால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'ஏன் அழிக்கவில்லை' என்று கேட்டால் 'விளக்கம் தர இயலாது' என்று மனு திரும்பும். ஆவணத்தின் நகலையே கேளுங்கள்: தகவலை அழிக்கும் கால அட்டவணை, மென்பொருள் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் தகவல் பற்றிய ஷரத்துகள், உள்நுழைவு உரிமை பெற்ற பதவிகளின் பட்டியல், பிற துறைகள் தகவல் கேட்ட கோரிக்கைகளின் மாதவாரி எண்ணிக்கை. எந்தத் தனிநபரின் விவரமும் கேட்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவு திருத்தப்பட்ட பிறகு, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். தகவலை அழிக்கும் கால அட்டவணையே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்,
கோத்தகிரி.