'சாயல்' என்று ஒரே வரியில் முடிக்கும் ராக் விமர்சகர்களுக்கு

வணக்கம்.

எங்கள் குழுவின் முதல் பதிவைப் பற்றி உங்களில் ஒருவர் எழுதியது இரண்டே வரி. லெட் ஸெப்பெலின் என்ற ஹார்ட் ராக் குழுவின் சாயல் என்பது ஒன்று. டிரம்ஸ் தகர டப்பா மாதிரிக் கேட்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை, அப்படித்தான் கேட்கிறது.

சாயலே இல்லை என்று வாதாடவும் வரவில்லை. வருஷக்கணக்கில் கேட்ட பாட்டு விரலில் ஒட்டாமல் எங்கே போகும்? என் குறை வேறு. ஒரு ஹார்ட் ராக் குழுவின் பாணி எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டு, இன்னொரு ஹார்ட் ராக் குழுவின் வாசலோடு திரும்பிவிடுகிறீர்கள்.

பிளாக் சப்பாத் குழுவையே பாருங்கள். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமிக்கு 17 வயதில், பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலையில், வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்துவதே வலது கைதான். இனி கிதார் இல்லை என்று நொந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் போட்டுக் காட்டியது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு. தீயில் கை வெந்து, இரண்டே விரல்களால் தனிவாசிப்பு வாசித்த ஜாஸ் கலைஞர். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய கம்பி மாட்டினார், 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. அதில் ஜாஸ் எங்கே என்று கேட்டால், அதே குழுவின் பில் வார்டின் டிரம்ஸைக் கேளுங்கள். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்த கை அது. அத்தனை கனத்துக்கு அடியிலும் ஸ்விங் என்ற ஜாஸ் தாள ஊசல் ஆடுகிறது.

டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் செவ்வியல் பியானோ படித்தவர். ஹேமண்ட் என்ற மின் ஆர்கனைக் கிதார் ஆம்ப்ளிஃபயரில் சொருகி உறும வைத்தவரும் அவரே. 1972-இன் 'ஹைவே ஸ்டார்' பாடலின் தனிவாசிப்புகளில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக் ஒளிந்துகொள்ளக்கூட இல்லை.

கோபப்பட வேண்டிய இடமும் உண்டு. 1969-இல் ஸெப்பெலின் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாடலின் வரிகளில், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய ப்ளூஸ் பாடல் ஒன்று அப்பட்டமாக இருந்தது. டிக்சன் பெயர் மட்டும் இல்லை. 1985-இல் அவர் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்த பிறகுதான் பெயர் ஏறியது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் சொற்றொடர், ஸெப்பெலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜுடையது, வரி டிக்சனுடையது: இப்படிப் பிரித்துச் சொல்வதல்லவா உங்கள் வேலை? 'சாயல்' என்ற ஒற்றைச் சொல்லில் திருட்டும் தேர்ச்சியும் ஒன்றாகிப் போகின்றன.

அடுத்த முறை எழுதுமுன் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ராக் தவிர என்ன கேட்கிறீர்கள்? எங்கள் பேஸ் கிதார்காரர் வீட்டில் ராக் பக்கமே போகமாட்டார். எந்நேரமும் மோட்டவுன் நிறுவனத்தின் சோல் பாடல்கள், அவற்றில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். மூன்றாவது பாட்டில் பேஸ் மட்டும் ரிஃப்பை விட்டுவிட்டுத் தனியே நடந்து போகிறதே, அது அங்கிருந்து எடுத்தது. அதைக் கண்டுபிடித்துத் திட்டியிருந்தால்கூட மனிதர் அந்த விமர்சனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

இப்படிக்கு,
அந்த இரண்டு வரிக் குழுவின் கிதார்காரன்