முட்டி கிழிந்தவனிடம் கையெழுத்து வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த வருடம், 2025-இல், நாட்டின் பெரிய லீக்கே நின்றுபோய் இந்தியக் கால்பந்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதுவது ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி. ஒரு பக்கம், ஆங்கிலத்தில் பதினொரு வரி, கீழே கையெழுத்துப் போட இடம். கடந்த ஜூலையில் என் தம்பிக்கு அது வாட்ஸ்அப்பில் வந்தது. போன வாரம் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கும் அதே காகிதம் வேறொரு கிளப்பிலிருந்து வந்திருக்கிறது. அவனுக்குப் பத்தொன்பது வயது. பெயரும் தேதியும் தவிர ஒரு வரிகூட மாறவில்லை. அவன் அம்மா போனை எடுத்துக்கொண்டு என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, "இதில் என்ன எழுதியிருக்கு மக்களே?" என்று கேட்டார். படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம்பட்டுக் கிடக்கும் ஆட்டக்காரனிடம், சிகிச்சை முடியும்வரை, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் எந்தக் காகிதத்திலும் கிளப் கையெழுத்து வாங்கக் கூடாது. வாங்கினால் அது செல்லாது என்று கிளப் லைசென்ஸ் விதியில் எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் கடற்கரை. அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் ஒரு மாதம், நாற்பது நாள். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் ஒருவன். பன்னிரண்டு வயதில் மணலில் வெறுங்காலோடு ஆட ஆரம்பித்தான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பந்து ஆடாத பையனைப் பார்ப்பது கஷ்டம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். ஆடியதைப் பார்த்து வளர்ந்த கூட்டம் இது. ஆனால் பையன்கள் எல்லோரும் கோல் போடத்தான் ஆசைப்படுவார்கள். என் தம்பி மட்டும் பின்னால் நிற்கிறேன் என்று கேட்டு வாங்கி நின்றான். "முன்னால ஆடுறவன் பத்து தடவை தவறவிட்டு ஒரு தடவை அடிச்சா போதும் அக்கா. நான் பத்து தடவை தடுத்து ஒரு தடவை விட்டா போச்சு" என்பான். அதைப் பெருமையாகத்தான் சொல்வான்.

அந்த இடத்துக்கு இந்த நாட்டில் எவ்வளவு போட்டி என்பதும் உங்களுக்குத் தெரியும். 2014-இல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். 2021-22 சீசனிலிருந்து அது நான்கு. அந்த நான்கில் ஒருவரை ஸ்டாப்பர் இடத்தில் நிறுத்துவதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு நாடு முழுவதும் எத்தனை பையன்கள்! ஸ்டாப்பர் என்பவன் ஆடி ஆடித்தான் பழுக்க வேண்டும். எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்பதைப் பயிற்சியில் பாதிதான் கற்றுக்கொள்ள முடியும். மீதி ஆட்டத்தில்தான் வரும். தம்பி இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தான். கடைசியாகப் போன வருடம்தான், வரும் சீசனில் உன்னை இறக்குவோம் என்று பயிற்சியாளர் சொன்னார்.

ஜூலை முதல் வாரம், கிளப்பின் பயிற்சி ஆட்டம். கார்னர் பந்து. எகிறித் தலையால் அடித்து வெளியே தள்ளினான். இறங்கும்போது இடது கால் ஊன்றியது, முட்டி உள்பக்கமாகத் திரும்பியது. யாரும் அவனைத் தொடவில்லை. "டப்" என்று ஒரு சத்தம் தனக்கே கேட்டது என்றான். கிளப்பில் சுளுக்கு என்று சொல்லி ஐஸ் வைத்தார்கள். பத்து நாள் ஐஸ். அதற்குள் 11-ஆம் தேதி சீசன் நிறுத்திவைப்பு என்று செய்தி வந்துவிட்டது. முகாமைக் கலைத்துவிட்டார்கள். தம்பி ரயிலில் ஒரு காலை நீட்டி வைத்தபடி ஊருக்கு வந்தான். மார்த்தாண்டத்தில் நாங்களே பணம் கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏ.சி.எல்., அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் நார், முழுசாகக் கிழிந்திருந்தது.

கிளப்புக்குப் போன் செய்தோம். லீக் ஆட்டத்தில் பட்ட காயம் இல்லை, பயிற்சி ஆட்டம், அதனால் இன்சூரன்ஸ் வராது என்றார்கள். சரி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறதே, அதையாவது கொடுங்கள், ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது. "இரு தரப்பும் பரஸ்பர சம்மதத்துடன்" ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகவும், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அந்த இரண்டு மாதச் சம்பளம் வரும். இல்லையென்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் இன்னும் இருபத்திரண்டு மாதம் மிச்சமிருந்தது.

அப்பா கடலில். கொச்சியில் கரையேறினால்தான் போனில் பேச முடியும். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடியே போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டான். பரஸ்பர சம்மதம் என்று நீங்கள் உங்கள் கோப்பில் பார்ப்பது இதைத்தான் ஐயா. மூன்றாம் நாள் பணம் வந்தது. அது ஆபரேஷன் செலவில் கால் பங்குக்கும் வரவில்லை. மீதிக்கு அம்மாவின் செயினும் என் வளையலும் அடகுக்குப் போயின.

நான் ஏதோ சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் இந்தப் பத்து மாதத்தில் ஃபிஃபா விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டால் ஆட்டக்காரன் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம் என்று 2018-இல் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அது வேறு கிளப்புக்குப் போய் ஆட முடிகிறவனுக்கு. முட்டி கிழிந்தவன் வெளியேறி எங்கே ஆடுவான்? அவனுக்கு வேண்டியது வெளியே போக வழி அல்ல, உள்ளேயே இருக்க உரிமை. காயத்தைக் காரணம் காட்டி ஒருவனை நேரடியாக வெளியே அனுப்பினால் வழக்கில் நிற்காது என்று கிளப்புகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் "பரஸ்பர சம்மதம்" என்று எழுதி அவன் கையாலேயே வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு ஆட்டக்காரருக்கும் கிளப்புக்கும் உள்ள தகராறை விசாரிக்கும் உங்கள் ஆட்டக்காரர் நிலைக் குழுவிடம் போனால் என்ன சொல்வீர்கள்? நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஏ.சி.எல். கிழிந்தால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இந்திய அணியின் சந்தேஷ் ஜிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் ஸ்டாப்பர்தான். 2019 அக்டோபரில், வங்கதேச ஆட்டத்துக்கு முன்பு நடந்த பயிற்சி ஆட்டத்தில் அவருக்கும் ஏ.சி.எல். போனது. கவனியுங்கள், அதுவும் பயிற்சி ஆட்டம்தான். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அடுத்த சீசனில் திரும்பி வந்தார், அந்த வருடம் உங்கள் சம்மேளனமே அவரைச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. எங்கள் ஊர்க்காரர் சூசைராஜ் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியே போனார். அவரும் பிறகு திரும்பி வந்து ஆடினார். காயம் ஆறும். ஆனால் ஆறுவதற்கு ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடம் ஒருவனைத் தாங்கிப்பிடிக்க ஆள் வேண்டும். பெயர் வாங்கிய ஆட்டக்காரருக்குத் தாங்க ஆள் இருக்கும். பெஞ்சிலிருந்து எழுந்து இப்போதுதான் களத்தில் கால் வைக்கப்போகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அவன் தொடைக்குப் பின்னாலிருந்தே தசைநாணை எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டினார்கள். முதல் வாரங்களில் பாதத்தில் துண்டை மாட்டி இழுத்து இழுத்து முட்டியை மடக்கிப் பழக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வான். கதவைச் சாத்திக்கொள்வான். தொடைச் சதை கரைந்து போய்விட்டது. முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் குறித்து, வாரம் ஒரு தடவை சுற்றளவு எடுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் தையல் டேப் இருக்கிறதே, நான்தான் எடுத்தேன். முதல் தடவை அளந்தபோது வலது தொடை 54, இடது தொடை 47. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புக்கு அளவெடுக்கிற கை எனக்கு. அன்றைக்கு நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அளப்போம். அரை சென்டிமீட்டர் கூடினால் அம்மா மீன் குழம்பு வைப்பார். சில வாரம் கூடாது. அன்று வீட்டில் யாரும் பேச மாட்டோம். பிசியோவுக்கு வாரம் மூன்று நாள் போகச் சொன்னார்கள். கட்டுப்படியாகாமல் ஒரு நாளாக்கினோம். அதனால்தான் இவ்வளவு தாமதமோ என்று எனக்கு இன்றும் உறுத்தல் இருக்கிறது.

லீக் கடைசியில் பிப்ரவரி 14 அன்று தொடங்கியபோது அவன் போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். பந்தைப் பார்க்கவில்லை. ஸ்டாப்பர் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் 2010-இல் போட்டது, பதினைந்து வருடம். 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது பதினைந்து வருடமாக எல்லோருக்கும் தெரிந்த தேதி. அப்படியிருந்தும் அதைப் புதுப்பிக்காமல் விட்டதால் ஜூலையில் லீக் நின்றது. நவம்பரில் டெண்டருக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஜனவரியில் இந்திய அணி ஆட்டக்காரர்கள் சுனில் சேத்ரியும் குர்பிரீத்தும் ஜிங்கனும் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வீடியோவில் கேட்கும் நிலை வந்தது. டிசம்பரில் மெஸ்ஸியைப் பார்க்க இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் செலவழித்து டிக்கெட் வாங்கினார்கள். அதே டிசம்பரில் நம் ஆட்டக்காரர்களுக்கு ஆட ஒரு லீக் இல்லை. முந்தைய சீசனில் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டங்கள். பிப்ரவரியில் தொடங்கிய சீசனில் 13. டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றோம், தரவரிசையில் 142-க்கு இறங்கினோம், உடனே தடுப்பாட்டம் சரியில்லை என்று எல்லோரும் பேசினார்கள். ஆட்டமே இல்லாத நாட்டில் தடுப்பாட்டக்காரன் எங்கிருந்து ஐயா வருவான்? 2022-இல் கோப்பை வென்ற ஹைதராபாத் அணி, 2024 ஜனவரியில் சம்பளப் பாக்கியால் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக இழந்ததை நாடே பார்த்தது. அதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?

மன்னித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். லீக்கை யார் நடத்துவது, எத்தனை கோடிக்கு என்பதெல்லாம் என் தலைக்கு மேலே உள்ள விஷயம். நான் கேட்பது சின்ன விஷயம், உங்கள் கையில் இருக்கும் விஷயம்.

கிளப் லைசென்ஸ் கொடுப்பது நீங்கள். சம்பளப் பாக்கி இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இதையும் சேருங்கள்: காயம்பட்ட ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தை, மருத்துவர் அவனை ஆடலாம் என்று சொல்லும்வரை, எந்தப் பெயரிலும் முடிக்கக் கூடாது. பரஸ்பர சம்மதம் என்று காகிதம் வந்தால், அதைப் பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்தப் பையனுக்குப் போன் செய்து, அவன் மொழியில், "உனக்குக் காயம் இருக்கிறதா? யாராவது நெருக்கினார்களா?" என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். ஐந்து நிமிட வேலை. எங்களை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் போனைப் பிடுங்கிப் பதில் சொல்லியிருப்பேன். அப்புறம், இன்சூரன்ஸ் பயிற்சி ஆட்டத்துக்கும் சேர்த்து இருக்க வேண்டும். கிளப்பில் பணம் இல்லை என்ற பதில் வராமலிருக்க, சீசனுக்கு முன்பே வங்கி உத்தரவாதமாக ஒரு தொகையை வாங்கி வையுங்கள்.

தலைவர் அவர்களே, நீங்கள் கோல்கீப்பராக ஆடியவர். உங்களுக்கு முன்னால் நின்ற ஸ்டாப்பர்கள் எத்தனை பந்தைத் தலையாலும் முட்டியாலும் வாங்கி உங்கள் கைக்கு வராமல் தடுத்திருப்பார்கள்! அவர்களில் ஒருவர் உங்கள் கண் முன்னால் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருந்தால், அவரிடம் பேனாவை நீட்ட விட்டிருப்பீர்களா?

கிளப்பின் பெயரை நான் எழுதவில்லை. பயம்தான் காரணம். என் தம்பி இன்னும் ஆட வேண்டும் என்கிறான். இந்த மாதம் ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு அளந்தேன், வலது 54, இடது 53. இரண்டு கிளப்புகளில் டிரையல் கேட்டோம். ஏ.சி.எல். என்றதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஒன்றுக்குக் கேட்டிருக்கிறோம்.

பக்கத்துத் தெருப் பையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாதே என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், பணம் இன்னும் புரளவில்லை. கிளப்பிலிருந்து தினமும் போன் வருகிறதாம். எத்தனை நாள் தாங்குவார்கள் என்று தெரியவில்லை. தயவுசெய்து அதற்கு முன்பாக இந்த விதியை எழுதுங்கள். காயம்பட்டவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று ஒரு வரி போதும்.

மரியாதையுடன்,
ஒரு ஸ்டாப்பர் பேக்கின் அக்கா,
தூத்தூர் கடற்கரை, கன்னியாகுமரி மாவட்டம்